கண்டிச் சீமையைத் தேடிக் கோத்தகிரிக்கு

கோத்தகிரிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடை ஒன்றில் காலை வேளையில் சற்று நேரம் அமர்ந்திருந்தால், அங்கே ஒலிக்கும் தமிழில் ஒரு வேறுபாட்டை உணரலாம். சிலர் தேநீரைத் 'தேத்தண்ணி' என்பார்கள்; இரயிலைக் 'கோச்சி' என்பார்கள். படகர்களின் மொழியும் கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும் அந்தக் கடைத்தெருவில் இந்தச் சொற்கள் மட்டும் கடல் கடந்து வந்தவை.

அத்தகைய கடையொன்றில் சந்தித்த ஒரு பெரியவரிடம், "எதனாலங்க ஐயா இந்த ஊருக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். "இங்கதாங்க குளிருச்சு" என்றார். இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். இருபது வயதில் கப்பலேறியவர். துறையூருக்கு அருகே பாட்டனார் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஊரில் சில மாதங்கள் இருந்து பார்த்தார். வெயில் தாளவில்லை, வேலையும் இல்லை. நீலகிரியில் தேயிலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தேறினார். முதல் தேயிலைச் செடியைக் கண்டதும் தம் மனைவி அழுதுவிட்டதாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் எதையும் விவரிக்கவில்லை.

இது அவர் ஒருவரின் கதையன்று. தாயகம் திரும்பியோர் என்று அரசு ஆவணங்களும், 'சிலோன்காரர்' என்று அக்கம்பக்கத்தாரும் குறிப்பிடும் இலட்சக்கணக்கான மக்களில் கணிசமானோர், அரசு காட்டிய ஊர்களை விட்டுவிட்டுத் தாங்களாகவே மலையேறினார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், கொடைக்கானல் என்று அவர்கள் தேடிச் சென்ற ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவர்கள் தேடியது பூர்வீகத்தை அல்ல, பிறந்த மண்ணின் சாயலை என்பது தெளிவாகும். அந்தத் தேடலுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அதைப் புரிந்துகொள்ளாமல் தீட்டப்பட்ட மறுவாழ்வுத் திட்டங்களின் விளைவை அவர்களது பேரப்பிள்ளைகள் இன்றும் சுமக்கிறார்கள்.

முதலில் வரலாறு. 1820களிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, நெல்லைச் சீமைகளிலிருந்து ஏழை விவசாயக் கூலிகள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1869இல் காப்பி இலைகளைத் துருநோய் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே வந்து போனவர்கள் அங்கேயே தங்கினர். கங்காணி, துரை, லயம், பிரட்டு, கொழுந்து, கவ்வாத்து என்று ஒரு முழு வாழ்க்கைக்கான சொற்கள் அங்கே உருவாயின. தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'கண்டிச் சீமைக்குப் போனவர்கள்' என்று பேசப்பட்டவர்கள், நான்கு தலைமுறைகளில் கண்டிச் சீமையின் மக்களாகவே ஆகிவிட்டார்கள்.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர்களின் எண்ணிக்கை 9,75,000 என்று கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. அந்த எஞ்சியோரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களை ஒருவரும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பங்கிலும் தம்பி இலங்கைப் பங்கிலும் விழுந்த கதைகள் ஏராளம்.

மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற இரயிலுக்கு மக்களே 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். பிறகு மண்டபம் முகாம். கையில் குடும்ப அட்டை என்னும் ஒரு தாள். அந்தத் தாளில் ஓர் ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதுதான் அவர்கள் 'திரும்ப' வேண்டிய ஊர்.

திரும்புதல் என்னும் சொல்லிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஒருமுறையாவது இருந்த இடத்துக்குத்தான் ஒருவர் திரும்ப முடியும். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டனார் விட்டுச்சென்ற நிலம் கைமாறியிருந்தது. உறவினர் என்று அறியப்பட்டவர்களுக்கு இவர்கள் அந்நியர்கள். பலருக்கு வணிகக் கடன் என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டது. தேயிலை பறிப்பதையும் கவ்வாத்து வெட்டுவதையும் தவிர வேறு தொழிலறியாத குடும்பத்தை முசிறியிலோ நாமக்கல்லிலோ இறக்கிவிட்டு, மளிகைக் கடை வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு ஒப்பானது அது. கடன் தொகை பலரிடம் சில மாதங்கள்கூட நிற்கவில்லை. கையில் வரும் முன்பே இடைத்தரகர்களிடம் ஒரு பகுதியை இழந்தவர்களும் உண்டு. மறுவாழ்வுத் திட்டத்தை வகுத்தவர்கள் 'வீடு' என்பதை வம்சாவளியின் அடிப்படையில் புரிந்துகொண்டார்கள். அந்த மக்களுக்கோ வீடு என்பது குளிர், மலைச்சரிவு, பனிமூட்டம், தெரிந்த தொழில்.

இங்கே புவியியலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் உள்ள ஒற்றுமை வெறும் கற்பனையன்று. இரு மலைகளும் ஒரே தொல்நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தவை. இரண்டிலும் சார்னகைட் என்னும் பழம்பாறை பரவிக் கிடக்கிறது. உயிரியலாளர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பல்லுயிர்ச் செழிப்பிடமாகக் கணக்கிடுகிறார்கள். நீலகிரியின் உச்சிகளில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தின் நெருங்கிய உறவினம், நுவரெலியாவை அடுத்த ஹோர்ட்டன் சமவெளியிலும் பூக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர். காற்று மூக்கில் ஏறும் விதம்கூட ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மழையிலும் இந்த ஒப்புமை நுட்பமாகத் தொடர்கிறது. ஹட்டன், மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுத் தோட்டங்கள் தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. சூன், சூலை மாதங்களில் அங்கே வானம் திறப்பதில்லை. நம் பக்கம் கூடலூர், பந்தலூர், தேவாலா, வால்பாறை ஆகியவை அதே இயல்பின. பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பகுதியோ மலையின் மறுபுறம் இருப்பது. அங்கே வடகிழக்குப் பருவமழைதான் முதன்மையானது. நீலகிரியின் கிழக்கு விளிம்பில் அமைந்த கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழையே பெரிது. தென்மேற்குக் காற்றின் கடுமையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்துவிடுவதால் உதகையைவிட இதமான ஊர் என்று இது பெயர் பெற்றது. பதுளைக்காரர் ஒருவர் நீலகிரியின் எத்தனையோ ஊர்களுள் கோத்தகிரியில் வந்து நின்றதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மழை எந்த மாதத்தில் வரும் என்பதை உடல் மறப்பதில்லை.

ஆயினும் இயற்கை பாதிக் காரணமே. மீதிப் பாதி மனிதர் செய்தது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிமேல் ஏறி, கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில் முதல் வீட்டைக் கட்டினார். பின்னர் உதகைக்குச் சென்று கல்வீடு எழுப்பினார், ஏரியை வெட்டுவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நுவரெலியாவும் ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் அதை நோய் தேறும் இடமாக்கினார். சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கொண்டுவந்து அங்கே ஓர் ஆங்கிலப் பண்ணையையே நிறுவ முயன்றார். இரு ஊர்களிலும் செயற்கை ஏரி, குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், துரைமார் மட்டும் நுழையும் கிளப். இரு மலைகளிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ், சீகை எனப்படும் வாட்டில், சில்வர் ஓக் மரங்கள். 1860களின் தொடக்கத்தில் இரண்டிலும் சிங்கோனா பயிரிட்டார்கள். இறுதியில் இரண்டிலும் தேயிலை.

ஆக, ஊர் நினைவால் வாடிய வெள்ளைக்காரர்கள் தங்கள் இங்கிலாந்தைத் தேடி இரு மலைகளையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். இவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: சாயல் போதவில்லை என்றால் மலையையே மாற்றிவிடலாம். செடி போதவில்லையா, கொண்டுவந்து நடலாம். ஏரி இல்லையா, அணை கட்டலாம். 1877இல் உதகைக்கு வந்த வைஸ்ராய் லிட்டன் பிரபு, அங்கே பெய்த மழையும் சாலைச் சேறும்கூட அசல் இங்கிலாந்தினுடையவை என்று மகிழ்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பயணத்தில் அவர் சென்னை மாகாணத்துக்கு வந்த காரணம் தாது வருடப் பஞ்சம். வைஸ்ராய் சேற்றை இரசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், சமவெளியின் பட்டினியிலிருந்து தப்பிக் கூட்டங்கூட்டமாகத் தமிழர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களின் கொள்ளுப்பேரர்கள் நூறாண்டுகள் கழித்துத் தங்கள் ஊரின் சாயலைத் தேடி அதே நீலகிரிக்கு வரப்போகிறார்கள் என்பதை யார் எண்ணியிருக்க முடியும்?

வந்தவர்களுக்கு மலையை மாற்றும் வசதி இல்லை. ஏற்கெனவே ஒத்திருக்கும் மலையைத்தான் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தார்கள். ஆனால் மலையின் சாயலோடு சேர்ந்து லயத்தின் சாயலும் வந்தது.

அரசு இதை முற்றிலும் உணராமல் இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1968இல் தாயகம் திரும்புவோருக்கென்று நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, சுருக்கமாக 'டான்டீ'யாக, மாறியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும் வால்பாறையிலும் வனநிலத்தில் தேயிலை நடப்பட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணியமர்த்தப்பட்டன. வந்த மக்களின் திறமையை அறிந்து வகுக்கப்பட்ட திட்டம் என்ற வகையில் மற்றவற்றைவிட இது சிறந்தது. இன்றும் அப்படியே கருதுகிறேன். கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் இவர்களுக்கென்று உருவான இரப்பர்த் தோட்டங்களையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஆனால் இடம் கிடைத்தவர்கள் ஒரு பகுதியினரே. மற்றவர்கள் தனியார் தோட்டங்களிலும் சிறு விவசாயிகளின் காய்கறி வயல்களிலும் அன்றாடக் கூலிகளானார்கள். கொடைக்கானல் மலைக்குச் சென்றவர்களில் சிலர் மரம் வெட்டும் கூப்புகளில் முன்பணத்துக்குக் கட்டுண்ட கொத்தடிமைகளாகச் சிக்கிய கொடுமை 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது.

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்து, ஒரு தலைமுறை மலையக இளைஞர்களை உருவாக்கிய இர. சிவலிங்கம் நீலகிரிக்கு வந்து இம்மக்களிடையே பணியாற்றினார். கற்பித்தவரும் கற்றவர்களும் ஒரே மலையில் மீண்டும் சந்தித்தார்கள். அங்கே லயத்தில் இருந்தவர்கள் இங்கும் ஒதுக்குப்புறத்துக் குடியிருப்புகளில்தான் இருந்தார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவர்கள், இங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள்.

கூடலூரின் சிக்கல் தனி வகையானது. நிலம்பூர் கோவிலகத்தின் சென்ம நிலங்களை ஒழிக்க 1969இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பதினேழாம் பிரிவில் சேர்க்கப்பட்ட நிலங்களின் நிலை இத்தனை ஆண்டுகளாகியும் முழுமையாகத் தீரவில்லை. அந்நிலங்களில் குடியேறியவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கே பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. பழங்குடிகளும் கேரளத்திலிருந்து வந்த விவசாயிகளும் தாயகம் திரும்பியோரும் ஒருசேர மாட்டிக்கொண்ட வலை அது. நாடற்றவர்களாக இருந்தவர்கள் நாட்டைப் பெற்றும் நிலமற்றவர்களாகவே இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் கேட்டுச் சென்றால் பூர்வீக மாவட்டத்துக்கு அனுப்பப்படுவதும், அங்கே இவர்களை அறிந்தவர் எவரும் இல்லாததும் நெடுநாள் குறை. படிக்க விரும்பும் பிள்ளையின் கல்வி உதவித்தொகை அந்தத் தாளில்தான் தொங்குகிறது.

ஆபத்துகளும் ஒத்திருந்தன. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நீலகிரியைச் சரித்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2014 அக்டோபரில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. இறந்தவர்கள் தோட்டத் தமிழர்கள். இரண்டும் ஒரே பருவமழை. இரு நாடுகளிலும் மலைச்சரிவின் ஆபத்தான ஓரங்கள் ஏழைகளுக்கே வாய்க்கின்றன.

இன்று டான்டீ நலிந்திருக்கிறது. தேயிலை விலையின் வீழ்ச்சி, உற்பத்திச் செலவு, ஆள் பற்றாக்குறை, யானை நடமாட்டம் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. 2022இல் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது, தொழிலாளர்கள் போராடினார்கள். சூழலியல் நோக்கில் அந்த முடிவை முற்றிலும் குறை கூற இயலாது. அது காட்டிலிருந்து எடுக்கப்பட்ட நிலம். யானைகளுக்கு வழி வேண்டும். காடு திரும்பட்டும். ஆனால் அந்த நிலத்தில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் எங்கே போவார் என்பதையும் அதே ஆணையின் பகுதியாக எண்ணியிருக்க வேண்டும். தோட்டக் குடியிருப்பு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வுபெறும் நாளில் அறுபது வயதுத் தொழிலாளி தன் வாழ்நாளில் இரண்டாம் முறையாக, சிலர் மூன்றாம் முறையாக, பெட்டி கட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு வீடு வழங்க அரசு அண்மை ஆண்டுகளில் முன்வந்திருப்பது வரவேற்கத்தக்கது. அந்த வீடுகள் எங்கே அமையும் என்பதில்தான் பழைய பிழை மீண்டும் நேரக்கூடாது. 1970களில் நிகழ்ந்தது என்னவென்பதை அதிகாரிகள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்: பயனாளியின் பெயருக்கு எதிரே ஓர் ஊரின் பெயரை எழுதிவிட்டால் அது அவருடைய ஊராகிவிடவில்லை. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகச் சமவெளியில் அடுக்குமாடி கட்டி, குளிரிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர்களை அங்கே அனுப்பினால், பேருந்துக் கட்டணம் கையிலிருக்கும் வரை அவர்கள் மலையேறி வந்துகொண்டுதான் இருப்பார்கள். வீடு மலையிலேயே, நிலச்சரிவு அபாயமற்ற இடத்தில், அவர்கள் பெயரிலான பட்டாவுடன் அமைய வேண்டும். கூடலூரில் பதினேழாம் பிரிவு நிலச் சிக்கலுக்குக் காலக்கெடுவுடன் தீர்வு காண வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு, வசிக்கும் வட்டத்திலேயே விசாரித்து வழங்கும் நடைமுறை உறுதியாக்கப்பட வேண்டும். இவை எதற்கும் வெளிநாட்டு ஒப்பந்தம் தேவையில்லை. சென்னையில் இடப்படும் கையெழுத்துகள் போதும்.

இளையவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் பனியன் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். தேநீர்க் கடையில் சந்தித்த பெரியவரின் பேத்தியும் திருப்பூரில்தான் இருக்கிறாள். "அவளுக்கு வெயில் ஒத்துக்கலீங்க, ஊருக்கு வரணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார். எந்த ஊரைச் சொல்கிறாள் என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, எதிரே பனி விலகிக்கொண்டிருந்த சரிவைக் கைகாட்டினார்.